தேனும் வெந்நீரும்

ஆவணி 14, வெள்ளி இரவு

இன்று நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அப்பாவிடம் இருமலுக்கு மருந்து வாங்கிய வெள்ளைக்கார அம்மாவுக்கு, சூரணம் சாப்பிடும் முறையை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான். தேனில் குழைக்க வேண்டும் என்று மட்டுமே அப்பா சொன்னார். தொண்டைக்கு இதமாக இருக்குமே என்று, கொதிக்கும் வெந்நீரில் கலக்கச் சொல்லி நானாகச் சேர்த்துவிட்டேன். மாலையில் அப்பாவின் ஆயுர்வேத நூலைப் புரட்டியபோதுதான் பார்த்தேன்: சூடேறிய தேன் நஞ்சுக்குச் சமம்.

அழுதுகொண்டே அப்பாவிடம் சொன்னேன்.

"ஒரு வேளைக்கு ஒண்ணும் ஆவாது. நம்பர் வாங்குனியா?"

"இல்லப்பா. செங்கம் ரோட்டுல ரூமுனு சொன்னாங்க."

"அங்க வீட்டுக்கு வீடு வெள்ளைக்காரங்களுக்கு வாடகை ரூமுதானேம்மா."

திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார்.

"படுடி, வந்துடுவாரு" என்று அம்மா கூடத்து விளக்கை அணைத்துவிட்டாள். ஸ்கூட்டர் சத்தம் இன்னும் கேட்கவில்லை.