நாற்பத்தேழாம் பக்கத்தின் நகல்

விடுதி, அறை எண் 12
திங்கட்கிழமை காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று தொடங்கினால் அடுத்த பத்தியிலேயே பொய்யாகிவிடும். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். அதுவரை உண்மை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மா பல் பிடுங்கிய கதையைப் போனில் அரை மணி நேரம் சொன்னாள், பல் இல்லாத வாயால். பாதி புரியவில்லை. சிரித்துவைத்தேன்.

இதையும் போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் 'நல்லா இருக்கியாம்மா, இந்தா, அம்மாகிட்ட பேசு' என்பதைத் தாண்டியதே இல்லை. கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது. அம்மா படித்தாலும் பரவாயில்லை. முதலில் நீங்கள் படியுங்கள்.

ஆய்வேடு முடிந்துவிட்டது, நான்காம் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பைத் தவிர. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் துறை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

உங்கள் படைப்பிரிவின் பின்வாங்கலைத்தான் எழுதப்போகிறேன் என்று சொன்னபோது, 'வேற போரே கிடைக்கலையா உனக்கு?' என்று கேட்டீர்கள். கேலி என்று நினைத்தேன்.

அந்தப் பின்வாங்கலில் மலைமேல் நின்ற காவல் அணியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். பின்வாங்கும் உத்தரவு விடிகாலை 4.10க்கு மலைக்குச் சொல்லப்பட்டது. அங்கே இருந்த இளம் அதிகாரி கீழ்ப்படியாமல் ஒன்றரை மணி நேரம் அங்கேயே இருந்தார். அதற்குள் எதிரி சாலையை மறித்துவிட்டான். ஒன்பது பேர் செத்தார்கள். விசாரணை நடந்தது, அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். ஒரே சாட்சி, நீங்கள் எழுத்தராக இருந்த முகாம் அலுவலகத்தின் செய்திப் பதிவேடு. நாற்பத்தேழாம் பக்கம்.

அந்தப் பக்கத்தின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு பாலத்தின் பெயர் பாதி போயிருந்தது. அதற்காகத்தான் ஆவணக் காப்பகத்து அம்மாவிடம் போய் நின்றேன். அவர் டீயை மூடிவைத்துவிட்டு, 'கார்பன் நகல் தினமும் தலைமையகத்துக்குப் போகுமேம்மா, அதைப் பாத்தியா? யாரும் கேக்கறதே இல்ல. கட்டுகூடப் பிரிக்காம கிடக்கு' என்றார். பிரித்தோம். இரண்டு பேருக்கும் தும்மல் நிற்கவில்லை.

பாலத்தின் பெயர் முழுதாக இருந்தது. அதற்கு மேல்வரியில், மலைக்கு உத்தரவு சொன்ன நேரம். 5.40.

நகல்தான் தவறு என்று நினைத்தேன். மூன்று நாள் அப்படியே நினைக்க முயன்றேன். ஆனால் நகல் காலை ஆறு மணி வண்டியில் போய்விட்டது. ஒன்பது பேர் செத்த செய்தி முகாமுக்கு வந்தது ஏழு மணிக்கு. அதற்குப் பிறகு ஒருவர் பதிவேட்டிலிருந்து தாளை எடுத்து, எல்லா வரிகளையும் புதுத் தாளில் திரும்ப எழுதி, ஒரே ஒரு நேரத்தை மட்டும் மாற்றி, அதே இடத்தில் வைத்துத் தைத்திருக்கிறார். தையல் நூல்கூட வேறு நிறம்.

இரண்டு தாளிலும் ஒரே கையெழுத்து. ஏழுக்கு இடுப்பில் ஒரு கோடு. ஒவ்வொரு பதிவுக்கும் கீழே அளவுகோல் வைத்து இழுத்த கோடு. என் பள்ளி நோட்டுகளின் அட்டையில் பெயரும் வகுப்பும் அப்படித்தான் எழுதித் தந்தீர்கள்.

என் வழிகாட்டியிடம் இரண்டு தாள்களையும் காட்டினேன். ஓய்வுபெற்ற கர்னல், நாங்கள் வைத்த பெயர் 'சிவப்பு மை'. அன்று பேனாவைத் திறக்கவே இல்லை. 'எழுதினது யாருன்னு தெரியாத காகிதம் சாட்சி இல்லம்மா, வெறும் காகிதம். அடிக்குறிப்புல ஆளைப் போடு. முடியலையா, அத்தியாயத்தையே எடுத்துடு. மிச்சத்துக்கே பட்டம் குடுத்துடுவாங்க' என்றார். தேடுகிறேன் ஐயா என்றேன். ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் அந்த அதிகாரியைப் பார்த்தேன். கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். 'இப்பவும் நான் சொன்னா எவனும் உடனே பிரேக் போடறதில்ல' என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டார். தீர்ப்பை மாற்றக் கேட்டு இரண்டு முறை மனுப்போட்டிருக்கிறார். புதிய ஆதாரம் இல்லை என்று இரண்டு முறையும் திருப்பியிருக்கிறார்கள்.

நகலை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். 'அஞ்சு நாப்பது. நான் அதைத்தானே சொன்னேன்? அன்னிக்கும் அதைத்தானே சொன்னேன்?' என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. வெளியே ஒரு மாணவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

கிளம்பும்போது, 'உங்க அப்பாவும் எங்க பிரிவுதானாமே? எதுல இருந்தார்?' என்று கேட்டார்.

சமையல் பண்டகசாலை என்றேன்.

'அப்ப நல்லா சாப்பிட்டிருப்பார்' என்று சிரித்தார். வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

அப்பா, நான் அவரிடம் பொய் சொன்னதற்கு எனக்கு அரை நொடிகூடத் தேவைப்படவில்லை. பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

இன்னொன்றும் நினைத்தேன். நகலை உறையில் போட்டு ஒட்டி வண்டியில் ஏற்றுவது உங்கள் வேலை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பவர் நீங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அனுப்பிய நகலை நீங்கள் மறந்திருக்க முடியாது. அது தலைமையகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, என்றாவது ஒருவர் பிரிப்பார் என்று தெரிந்தேதான் யாரிடமும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். இப்படி நம்பினால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. நிம்மதியாக இருப்பதாலேயே இதை நம்பப் பயமாக இருக்கிறது.

அத்தியாயத்தை எடுக்கப்போவதில்லை. வெள்ளிக்கிழமை அடிக்குறிப்பில் உங்கள் பெயர் இருக்கும். இதை அனுமதி கேட்டு எழுதவில்லை. அந்த அதிகாரியிடமும் நானே நேரில் போய் நீங்கள் யார் என்று சொல்லப்போகிறேன்.

ஆனால் பெயருக்குப் பிறகு ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். நேரத்தை மாற்றச் சொன்னது யார் என்று எழுதுங்கள். பக்கத்தில் நின்றே எழுத வைத்தார்களா, சொல்லிவிட்டுப் போனார்களா என்று எழுதுங்கள். யாரும் சொல்லவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். நகலை விட்டுவைத்தீர்களா, மறந்தீர்களா? மறந்துதான் போனீர்கள் என்றால், எனக்காக வேறு மாதிரி எழுத வேண்டாம்.

விரைவுத் தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்குள் வந்துவிடும். எது வந்தாலும் அப்படியே சேர்ப்பேன். ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன்.

எது வந்தாலும் சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறந்து வையுங்கள், அப்பா.

பயத்தோடும் வணக்கத்தோடும்,
உங்கள் மூத்தவள்