எறிந்த பாதி, ஓடிய பாதி

அன்புள்ள டெல்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இருக்கிறோம், பிரமாதமான சுகம் என்று சொல்ல முடியாவிட்டாலும் நீ கவலைப்படும்படி ஒன்றுமில்லை. அங்கே அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்கவேண்டும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா கைத்தடியோடு சமையலறைவரை நடக்கிறாள். எனக்கு உடம்பைவிட மனசுதான் அசந்து கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றுவிட்டோம், இந்த வருஷம் அவ்வளவுதான். நம் பள்ளியின் அமெரிக்க ஃபுட்பால் அணி பந்தை எறிந்தே ஜெயிக்கும் என்று பெயர் வாங்கியது என்னால்தான், உனக்குத் தெரியாததா. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடச்சொல்வது சோம்பேறிக் கோச்சுகளின் வேலை என்று சாப்பாட்டு மேஜையில் எத்தனை தடவை பேசியிருப்பேன். இந்த வருஷம் எறிபவன் கிப் என்ற பையன், ஒல்லி, ஆனால் தங்கமான கை. யாரும் ஓடப்போவதில்லை என்று தெரிந்தபின் எதிராளிகள் எதற்குத் தயங்கவேண்டும், நேரே அவன்மேல் பாய்ந்தார்கள். முதல் பாதியில் மட்டும் ஆறு தடவை தரையில் போட்டு அமுக்கினார்கள், ஆறாவது தடவை அவன் எழுந்திருக்க நேரமாயிற்று. பதினெட்டு வருஷமாக என்கூட இருக்கும் உதவிக் கோச் ஆரின் பக்கத்தில் வந்து, நாலு தடவை பந்தோட ஓட விடுங்க வெண்டெல், அவனுங்க ஒரு நொடி யோசிச்சாப் போதும், பையன் தப்பிச்சுக்குவான் என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இடைவேளையில் லீலண்ட் எழுந்து நின்றான். கிப்புக்கு முன்னால் அரணாக நிற்கிற மலைபோன்ற பையன், வாயே திறக்காதவன். கோச், வருஷம் பூரா பின்னாலயே நகர்ந்து நகர்ந்து அடி வாங்குறோம், ஒரு தடவை எங்களை முன்னால போய் மோத விடுங்க என்றான். கிப் விலாவைப் பிடித்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

சரி என்று, இரண்டாவது பாதியில் ஓட்டக்காரப் பையன் ஆன்சலிடம் பந்தைக் கொடுத்து ஓடச்சொன்னேன். முதலில் மூன்று கஜம், அடுத்து ஒரே கஜம். தூக்கி எறியுங்கய்யா, தூங்கவா வந்தோம் என்று கூட்டம் கத்தியது. நாலைந்து ஓட்டத்துக்குப் பிறகு எதிராளிகளின் கால் தயங்க ஆரம்பித்தது, ஓடுவார்களா எறிவார்களா என்று. அந்த ஒரு நொடியில் கிப் நிமிர்ந்து பார்த்து, நீளமாக இரண்டு எறிந்தான், இரண்டும் புள்ளிகளாயின. இருந்தும் மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் போய்விட்டது.

வெளியே கார் பக்கத்தில் கிப்பின் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். தோற்றதற்குத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். ரெண்டாவது பாதியில என் புள்ளைமேல ஒரு கை படல கோச், இதை முதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா என்று கேட்டாள். சத்தம் போடாமல்தான் கேட்டாள். மறுநாள் டாக்டர் படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு விலா எலும்பில் விரிசல். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய்க் கிப்பிடம் மன்னிப்புக் கேட்டேன். பரவால்ல கோச், நீங்க சிரிக்க மட்டும் வெச்சிடாதீங்க, வலிக்குது என்றான். திரும்பும் வழியில் ஆரின் வீட்டில் இறங்கி, அடுத்த வருஷ ஆட்டத் திட்டத்தை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் இன்னும் யாருக்கும் தெரியாது.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். காருக்குப் பனிக்கால டயரை மாட்டச்சொல்லி மாப்பிள்ளையிடம் ஞாபகப்படுத்து. அம்மாவோடு போனில் பேசும்போது விலா எலும்பு விஷயத்தைக் கேட்காதே, அவள் என்னைவிட அதிகமாக அழுதுவிட்டாள்.

என்றும் உன் அப்பா,
வெண்டெல்