மானிட்டரின் நீல அட்டை நோட்டு

மாண்புமிகு மானிட்டர் அவர்களே,

இந்த மடலில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஜெராய் மலையின் உச்சியில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன், நம்பவே மாட்டார்கள். நானே நாளைக்கு எடுத்துப் படித்தால் யாரடா இந்தப் புளுகன் என்று கேட்பேன். எழுந்து நின்று மறுத்துப் பேசக்கூடிய ஒரே ஆள் நீ. நீயும் இப்போது பேச முடியாத இடத்தில் இருக்கிறாய். அந்தத் துணிச்சலில்தான் எழுதுகிறேன்.

உன் நீல அட்டை நோட்டுப் புத்தகம் என் மேசைமேல் கிடக்கிறது. வீடு முழுக்க அந்துருண்டை வாசம். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலையை நான் மடிப்பதற்குள் உன் வீட்டம்மா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

"அண்ணே, இத உங்ககிட்டதான் குடுக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. நான் பிரிச்சே பாக்கலண்ணே."

சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு. பதினாறு நாளாக அழுத பெண் சிரிக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? பிரித்துப் பார்த்திருக்கிறாள். நீ கட்டிக்கொண்டவள் அல்லவா, உன்னைப்போலத்தான் இருப்பாள்.

நீ போய்விட்டாய் என்று போன் வந்தபோதும் நான் நம்பவில்லை. ஒன்றை மறைக்க வேண்டுமென்றால் நீ எந்த அளவுக்கும் போகக்கூடியவன். குருணிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். பெட்டிக்குள் நெற்றி நிறையத் திருநீற்றோடு, அசெம்பிளியில் நிற்பதுபோல விறைப்பாகப் படுத்திருந்தாய். எல்லாரும் பூப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். நான் உன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சுற்றி நின்றவர்கள் அதைப் பாசம் என்று நினைத்திருப்பார்கள். அது சோதனை. ஏன் அந்த இடத்தில் சோதித்தேன் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் இருவரும் திகாம் பத்துப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பட்டணத்துப் பெரிய பள்ளிக்குப் போனவர்கள். ரிமூவ் கிளாஸில் ஒரு வருஷம் மலாயோடு மல்லுக்கட்டிவிட்டு மேலே ஏறியவர்கள். அறுபது பேர் உட்காரும் பஸ்ஸில் நானூறு பேர் போனோம். உட்கார இடம் கிடைக்காமல் டிரைவர் பின்னால் ஓடிவந்த நாள்கூட உண்டு.

மூன்றாம் படிவத்தில் நம் வகுப்பாசிரியர் சிக்கு ஹாஷிம் உன்னை மானிட்டராக்கினார். காரணம் உன் குரல். ஆசிரியர் உள்ளே நுழையும்போது எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி "பாங்ஙுன்" என்று நீ ஒரு சத்தம் போடுவாய். நம் வகுப்பு மட்டுமா எழுந்தது? பக்கத்து வகுப்பு எழுந்தது. கேன்டீனில் மீ பிரட்டியவர் எழுந்தார். ஜெராய் மலைமேல் படுத்திருந்த மேகம் எழுந்து யான் ஊர்ப்பக்கம் போய்விட்டது.

எனக்குத் துணை மானிட்டர் பதவி, மலாயில் பெனோலோங். மானிட்டர் வராத நாளில் வகுப்பே துணை மானிட்டர் கையில். மானிட்டர் வந்த நாளில் கரும்பலகைத் துடைப்பான் மட்டும் அவன் கையில். நீயோ பாவி, ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. தோட்டமே காய்ச்சலில் படுத்த மழைக்காலத்தில் நீ மட்டும் தும்மல்கூட இல்லாமல் வந்து நின்றாய். அப்போதே எனக்குச் சந்தேகம்தான். மனிதப் பிறவிக்கு ஒரு தலைவலியாவது வர வேண்டாமா?

நம் வகுப்புச் சட்டத்தை இங்கே எழுதிவைக்கிறேன், வருங்காலத்தவர் தெரிந்துகொள்ளட்டும். ஆசிரியர் இல்லாத பாடத்தில் சத்தம் போடுகிறவன் பெயர் கரும்பலகை மூலையில் ஏறும். திரும்பவும் சத்தம் போட்டால் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கடைசி மணிவரை அழியாமல் மிஞ்சிய பெயர் நீல நோட்டுக்குப் போகும். வாரத்துக்கு ஒரு பக்கம். வெள்ளி, சனி பள்ளி லீவு என்பதால் வியாழக்கிழமையே பக்கத்தின் அடியில் மானிட்டர் கையெழுத்து வைக்க வேண்டும். உன்னுடையது எறும்பு கடித்ததுபோல இரண்டே எழுத்து. ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டு சிக்கு ஹாஷிமின் மேசைக்குப் போகும்.

அந்த வருஷக் கடைசியில் தஞ்சோங் டாவாய்க்கு வகுப்புச் சுற்றுலா என்று சிக்கு ஹாஷிம் அறிவித்தார். பதினாறு வயதுவரை நான் கடலைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். படகையும் மீன் காயப்போடுவதையும் பற்றி அவர் சொல்லச் சொல்ல, எனக்கு அங்கேயே கால் நனைந்தது. கூடவே ஒரு குண்டையும் போட்டார். வரும் வாரப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள் பஸ் ஏற முடியாது.

அந்த வாரம் பார்த்துத்தான் உன் அக்காவுக்குத் தைப்பிங்கில் கல்யாணம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஐந்து நாள் லீவு கேட்டாய். நோட்டை என்னிடம் கொடுக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பெண்ணைக் கட்டிக்கொடுப்பது உன் அப்பாவா நீயா என்று எனக்கே குழப்பம்.

"மணியம், ஒழுங்கா எழுதுடா. அப்புறம் மறக்காம கீழ சைன் வை" என்றாய்.

அந்த ஐந்து நாள் ஆட்சியைச் சரித்திரப் புத்தகங்கள் எழுதாமல் விட்டது சதி. முதல் நாள் பதினோரு பெயர்களை எழுதினேன். இடைவேளையில் பதினோரு பேரும் கேன்டீனில் எனக்காகக் காத்து நின்றார்கள். ஒருவன் கையில் கறிபாப். ஒருத்தி கையில் ஆசாம்பொடி தூவிய அன்னாசி. ஒருவன் ஐஸ் கச்சாங் உருகுமுன் கொடுத்துவிட வேண்டுமென்று ஓடிவந்தான். நான் கேட்கவில்லை, மறுக்கவுமில்லை. கடைசி மணிக்கு முன்னால் பலகையைத் துடைத்தேன். மறுநாளிலிருந்து சத்தம் போடாதவர்கள் பெயரையும் எழுதத் தொடங்கினேன். வியாழக்கிழமைக்குள் என் சட்டைப் பொத்தான்கள் மூன்று தெறித்து, ஒன்று மின்விசிறியில் பட்டு நின்றுபோனது. பொத்தான் இல்லை, மின்விசிறி.

ஆக, நோட்டில் ஒரு பெயர்கூட ஏறவில்லை. என் ஆட்சியில் குற்றமே நடக்கவில்லை. நீ சொன்னபடி மறக்காமல் கையெழுத்தும் வைத்துத்தான் மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்தாய். அசெம்பிளிக்கு முன் நோட்டை வாங்கிக்கொண்டாய். அசெம்பிளி முடிந்து சிக்கு ஹாஷிம் அதைத் திறந்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார், ஒரே ஒரு பெயரைப் படித்தார். சுப்பிரமணியம், பெனோலோங். துணை மானிட்டரே இப்படியா என்று வருத்தப்பட்டுவிட்டு நோட்டை மூடினார்.

முப்பத்தெட்டுத் தலைகள் என் பக்கம் திரும்பின. அந்த வாரம் என்ன நடந்தது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால் கறிபாப் கதை வெளியே வரும், முப்பத்தெட்டுப் பேரின் கடலும் போகும். ஆளுக்கொரு புத்தகத்தை விரித்துப் படிக்கத் தொடங்கினார்கள்.

வெறும் பக்கத்தில் என் பெயர் எப்படி முளைத்தது? துப்புத் துலக்கினேன். நம் வகுப்புச் செயலாளர் செல்வமணி சாட்சி சொன்னாள்: அன்று காலை மாடிப்படியில் நின்றுகொண்டு நீ நோட்டில் அவசரமாக என்னவோ எழுதினாய். போதாதா? பஸ்ஸுக்கு நிற்கும்போது உன்னை மடக்கினேன். நீ குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டினாய். ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை.

"நீ எழுதுனததான்டா அவருகிட்ட குடுத்தேன்" என்றாய்.

"அப்ப செல்வமணி பாத்தது?"

"ஒரு வார்த்த சேத்தேன். அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை. என் பெயரும் ஒரு வார்த்தைதானே? குற்றவாளி ஒப்புக்கொண்டுவிட்டான் என்று வழக்கை முடித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை பஸ் புறப்பட்டது. ஜன்னலிலிருந்து முப்பத்தெட்டுக் கைகள் என்னைப் பார்த்து ஆடின, கறிபாப் கொடுத்த கைகள். நான் காலி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல். பார்த்தால் நீ.

"காச்சலா இருக்குடா. பஸ்ஸுல வாந்தி வரும்னு சிக்குகிட்ட சொல்லிட்டேன்."

தும்மல்கூட வராதவனுக்குக் காய்ச்சல். அதுவும் காய்ச்சல்காரன் வீட்டில் படுப்பானா, பள்ளிக்கூடத்துக்கு வருவானா? என்னை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். எழுந்து வந்து உன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். என்ன தெரிந்தது என்று அப்போது உன்னிடம் சொல்லவில்லை.

நமக்குக் கொடுத்த வேலை வகுப்பைக் கூட்டுவதும் துடைப்பான்களைத் தட்டுவதும். தட்டிய சுண்ணப்பொடியில் குருண் வரைக்கும் பனி மூட்டம் என்று லாரிக்காரர்கள் விளக்குப் போட்டு ஓட்டினார்கள். பிறகு நீ ஆசிரியர் மேசையில் ஏறி உட்கார்ந்து, வருகைப் பதிவேட்டைத் திறந்து முப்பத்தெட்டுப் பெயரையும் கூப்பிட்டாய். ஒவ்வொருவர் குரலிலும் நான் "ஹாடிர்" சொன்னேன். செல்வமணிக்கு மூக்கால் சொன்னேன். நீ மேசையிலிருந்து விழுந்து சிரித்தாய். கடைசியில் என் பெயரைக் கூப்பிட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இரண்டாவது தடவையும் கூப்பிட்டாய். அப்போதும் சொல்லவில்லை. நீயே மெதுவாக "ஹாடிர்" என்று சொல்லி எழுதிக்கொண்டாய்.

உன் பையிலிருந்து இரண்டு பொட்டலம் வெளியே வந்தது. உன் அம்மா கட்டிய புளிச்சோறு, நெத்திலிச் சம்பல். ஒருவனுக்கு எதற்கு இரண்டு பொட்டலம்? முதலில் நீ சாப்பிடு, அரை மணி நேரம் பார்த்துவிட்டு நான் சாப்பிடுகிறேன் என்றேன். நீ அப்படியே சாப்பிட்டாய். நான் அரை நிமிஷம்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நாற்பத்தைந்து வருஷம் ஓடியது. நீ பட்டணத்து லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியானாய், நான் குருண் தொழிற்சாலையில் சூப்பர்வைசரானேன். நோட்டு உன்னிடம் இருப்பது எனக்குத் தெரியும். வருஷக் கடைசியில் சிக்கு ஹாஷிம் அதை உனக்கே திருப்பிக் கொடுத்தார். அதற்காகவே ஒவ்வொரு தீபாவளிக்கும் உன் வீட்டுக்கு வந்தேன். கட்டிலடி, சாமிமேடை, அரிசி டின், ஒன்றையும் விடவில்லை. அலமாரிக்குள் தலையை விட்டிருந்தபோது உன் மகள் பின்னால் நின்று, "மாமா, பாத்ரூம் அந்தப் பக்கம்லா" என்றாள். நீ ஹாலில் உட்கார்ந்தபடி இந்த வருஷம் எங்கே தேடினேன் என்று விசாரிப்பாய். காட்டுறேன்டா, அவசரம் என்ன என்பாய். அப்புறம் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளுவாய்.

இப்போது நோட்டு என் முன்னால் திறந்து கிடக்கிறது. அந்த வாரப் பக்கம். மேலே வெறுமை. கீழே, பக்கத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, கவர்னர் பிரகடனத்தில் வைப்பதுபோல, வால் சுழற்றி, அடியில் இரண்டு கோடு இழுத்து, ஒரு பெயர். சுப்பிரமணியம். என் கையெழுத்து. அந்தப் பக்கத்தில் வேறு பெயரே இல்லாததால் சிக்கு ஹாஷிம் அதைத்தான் படித்திருக்கிறார்.

அதன் அடியில் எறும்பு கடித்ததுபோல உன் எழுத்து. பெனோலோங். துணை மானிட்டர் வைத்த கையெழுத்து இது, குற்றவாளி பெயரில்லை என்று அவருக்குப் புரியட்டுமென்று படியில் நின்று அவசரமாகச் சேர்த்திருக்கிறாய். அந்த ஒரு வார்த்தைதான் என்னை ஒரேயடியாகக் கவிழ்த்தது. கையெழுத்து என்று நீ வாயைத் திறந்து சொல்லியிருந்தால், ஒரு வாரம் முழுக்க ஒரு பெயர்கூட ஏன் இல்லை என்ற கேள்வி வந்திருக்கும். என் பதவியும் போயிருக்கும், வகுப்புக்கே கடலும் போயிருக்கும்.

சரி, அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாமே? அங்கேதான் எனக்கு இன்னும் சந்தேகம். நான் முட்டாள் என்று எனக்குத் தெரியாமல் காப்பாற்றினாயா, அல்லது வருஷா வருஷம் நான் உன் அரிசி டின்னைக் கிளறுவதைப் பார்த்து ரசித்தாயா? அல்லது நோட்டைக் காட்டிவிட்டால் அடுத்த தீபாவளிக்கு நான் வரமாட்டேன் என்று நினைத்தாயா? வந்திருப்பேன்டா. கொஞ்சம் தாமதமாக வந்திருப்பேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் நேற்றுத்தான் உறைத்தது. கடலைப் பார்க்காதவன் நான் மட்டும் என்று இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தேன். ஒரே தோட்டம், ஒரே பஸ். நீ மட்டும் எங்கே பார்த்திருப்பாய்? அந்தப் புதன்கிழமை உனக்கும் அது முதல் கடல். நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

உன் நோட்டை இனி யார் கேட்டாலும் காட்டமாட்டேன். உன் மகள் தீபாவளிக்கு வரட்டும், தேடட்டும், முறுக்குத் தட்டைத் தள்ளுகிறேன்.

போகட்டும், சத்தியம் செய்து தொடங்கியவன் கணக்கை நேராக்கிவிடுகிறேன். ஜெராய் மலை மேகம் பொய். நானூறு பேர் பஸ் பொய். தெறித்தது ஒரு பொத்தான்தான், மின்விசிறி ஏற்கெனவே ஓடாது. மற்றதை நம்புகிறவர்கள் நம்பட்டும். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அந்தப் புதன்கிழமை காலை உன் நெற்றியில் கை வைத்தேனே, பானைத் தண்ணீர்போலக் குளிர்ந்திருந்தது. உனக்குக் காய்ச்சல் இல்லை.