கன்னியப்பனுக்கு யார் ஜாமீன்?

என் பிரியமுள்ள நைனா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வாலாஜாபாத் பஸ்ஸைப் பிடித்தேன். ஏரிக்கரையில் நம் இருளர் குடிசைகள் அப்படியேதான் இருக்கின்றன. உன் தம்பி மகன் கன்னியப்பன்தான் இல்லை, ஜெயிலில் இருக்கிறான். எனக்கு நேற்றுதான் தகவல் வந்தது.

அரிசி மில்லில் மோட்டார் திருடுபோயிருக்கிறது. அன்றிரவு அவன் செங்கல் சூளையில் வேலையில் இருந்தான், பார்த்தவர்கள் உண்டு. "இருளனுங்க எவன்டா இங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் ஜீப் வந்ததாம். கோர்ட்டில் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சொந்த வீடு உள்ள ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஏரிக்கரையில் யாருக்கு வீடு?

நாளை வாய்தா. குற்றத்தை ஒப்புக்கொண்டால், உள்ளே இருந்த நாட்களையே தண்டனையாகக் கழித்து அன்றைக்கே விட்டுவிடுவார்கள் என்று ஏட்டு சொல்லியிருக்கிறார்.

"செய்யாததை எதுக்கு வள்ளி ஒத்துக்கணும்?" என்று அவன் மனைவியைக் கேட்டேன்.

"உனுக்கென்னா அண்ணி, நீ டீச்சரு. ஞாயமெல்லாம் போர்டுல எழுது. புள்ளைங்க அப்பா எங்கன்னு கேட்டுக்கினு இருக்குதுங்க. ஆமான்னு ஒரு வார்த்த சொன்னா ஆளு வூட்டுக்கு வந்துரும்."

நீயும் அப்படி ஒருமுறை ஆமாம் என்றாய். பிறகு ஊரில் எது காணாமல் போனாலும் நம் குடிசைக்குத்தான் முதலில் வந்தார்கள். கடைசி வழக்கில் நீதிபதி உன் பழைய தண்டனையைப் படித்துவிட்டு, "இது உனக்குப் பழக்கம்" என்று ஆண்டுக் கணக்கில் கொடுத்தார். நீ உயிரோடு திரும்பவில்லை. அந்த முதல் ஆமாமை யாருக்காகச் சொன்னாய், நைனா? நான் பசியோடு இருப்பேன் என்றா?

செவிலிமேட்டில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. நீ பார்த்ததில்லை. கதவைச் சாத்தினால் பேச ஆளில்லை. தெருவில் எல்லோரும் நல்லவர்கள். நான் யார் என்று அவர்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. "கேட்டைப் பூட்டிக்கோ டீச்சர், இருளருங்க சுத்துறாங்களாம்" என்று எதிர்வீட்டு அம்மா போன வாரம் சொன்னார். "சரிம்மா" என்றேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். வள்ளிக்குக்கூடத் தெரியாது. நாளை பள்ளிக்குப் போகாமல் வீட்டு வரி ரசீதோடு கோர்ட்டுக்குப் போகிறேன். கன்னியப்பன் "நான் எடுக்கலை" என்று சொல்லட்டும். சொல்லிவிட்டு வீட்டுக்கும் போகட்டும்.

இவனுக்கு நீங்கள் என்ன உறவு என்று எல்லோர் முன்னிலும் கேட்பார்கள். அக்கா என்று சொல்வேன், நைனா.

உன் மகள்,
செல்வி