நானே வெட்டிக்கொண்ட நெட்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், மற்றபடி அவள் என்னோடு பேசி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் சுகமாக இருக்க வேண்டும். லைன் கோளாறு என்று அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். பேசாவிட்டாலும் என் மானத்தைக் காப்பாற்றுகிறாள் பார். கோளாறு லைனில் இல்லையம்மா, என்னிடம்தான்.

வீட்டு நெட்டுக்கு இங்கே நாங்கள் கட்டுவதில் மூன்றில் ஒரு பங்குதான் நீ இருக்கும் நாட்டில், வேகமோ பத்து மடங்கு என்று போன மாதம் பேச்சோடு பேச்சாகச் சொன்னாய் அல்லவா? முப்பது வருடம் பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்ட கண்டக்டரிடம் சொல்லக்கூடிய விஷயமா அது? நூலகத்தில் உட்கார்ந்து ஐந்து நாட்டுக் கட்டணத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கம்பெனி ஆபீஸில் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார், ஆனா உங்க தெருவுக்கு எங்க கேபிள் ஒண்ணுதானே வருது என்றாள். பின்னால் வரிசையே வேடிக்கை பார்க்கிறது. அப்ப வெட்டி விடும்மா என்று சொல்லிவிட்டேன். வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறீங்களா சார் என்று பாவம் இரண்டு தடவை கேட்டாள். எங்க வீட்ல நான் வச்சதுதான் சட்டம் என்றேன். யாரோ ஒருவர் கைதட்டினார், அந்த ஒரு கைதட்டலைச் சுமந்துகொண்டு வீடு வந்தேன்.

பேத்தி முகத்தை இனிமே எதுல பாக்கறது, உங்க மூஞ்சியிலயா என்று கேட்டதுதான் அம்மா கடைசியாக என்னிடம் பேசியது. செல்போன் சிக்னல்தான் நம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதே இல்லையே. அதனால் தினமும் சாயங்காலம் எதிர்வீட்டுத் தையல்காரர் வீட்டுக்குப் போய் உங்களைப் பார்த்துவிட்டு வருகிறாள். நான் ரோஷக்காரன், போகவில்லை. முந்தாநாள் மட்டும் மனசு கேட்காமல், காற்று வாங்குவது போல அவர் ஜன்னலோரம் நின்றேன். திரையில் குட்டி நாற்காலியை விட்டுவிட்டு மூன்று எட்டு வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி எட்டில் கையை நீட்டி, தாத்தா என்றாள். யாரைப் பார்த்து? தையல்காரரின் மீசையைப் பார்த்து! அந்த மனுஷனும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், என்னடா செல்லம் என்கிறார்.

நேற்றுக் காலையில் முதல் ஆளாக ஆபீஸில் நின்றேன். அதே பெண். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், சிரிக்காமல் பேனாவைக் கொடுத்தாள். புது இணைப்புக்குக் கட்டணம் இந்த மாதம் ஏறிவிட்டதாம். அதையும் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். ஆள் வரப் பத்து நாள் ஆகும். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நெட் வந்தாலும் வரலாம், ஆனால் இதையெல்லாம் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கோபம் வந்தால் நீ வரிசையில் மட்டும் நிற்காதே, பின்னால் ஆள் இருந்தால் நம் குடும்பத்துக்குப் புத்தி வேலை செய்யாது.

மூவரும் நூறாண்டு நலமாக வாழுங்கள். மறக்காமல் ஒன்று செய். என் போட்டோவைக் குட்டியிடம் தினமும் காட்டி, மீசை வைத்தவர் தையல்காரர், வழுக்கைதான் தாத்தா என்று சொல்லிக் கொடு.

இப்படிக்கு,
உன் அசட்டு அப்பா