அம்மாவின் மணியும் நீ வாங்கித் தந்த மென்பொருளும்

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று ஒரு சொல்லில் முடித்துக்கொள்ள எனக்கு இன்று மனமில்லை. போனிலேயே பேசலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, உட்கார்ந்து முழுக்கப் படி.

போன புதன்கிழமை அம்மா கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாள். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், இடுப்பில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருக்கிறது. அன்று சாயங்காலம் நான் உன்னைக் கூப்பிட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய், போனை நான் கையில் எடுத்ததுமே வேண்டாம் என்று அவள் தலையை ஆட்டிவிட்டாள். வாதம் வந்ததிலிருந்து அவளுக்குக் குரல் உரக்க எழும்பாது, கைகளும் சொன்னபடி கேட்பதில்லை, காலால் மிதிக்கும்படி நான் செய்து வைத்த அந்த மணி ஒன்றுதான் அவள் என்னைக் கூப்பிடும் வழி. தூக்கத்தில் கால் பட்டாலெல்லாம் அலறக் கூடாது, விடாமல் கொஞ்ச நேரம் அழுத்தினால்தான் ஒலிக்க வேண்டும், அதேசமயம் அவள் கால் சோர்ந்துபோவதற்குள் ஒலித்துவிட வேண்டும் என்று எவ்வளவு பாடுபட்டு அதை அமைத்தேன் என்பதும் உனக்குத் தெரியும். முந்தின நாள் கரண்ட் போய் வந்ததில் அதிலே ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் புகைந்துவிட்டன. கடையில் அதே ரகம் இல்லை, வேறுதான் கிடைத்தது. கெப்பாசிட்டர் மட்டும் மாறியிருந்தால் மனக்கணக்கிலேயே முடித்திருப்பேன், இரண்டும் மாறியதால் மின்சுற்றை முதலில் கணினியில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பற்றவைக்கிற சூட்டுக்கோலை எடுக்கலாம் என்று நீ வாங்கித் தந்த மென்பொருளைத் திறந்தேன். சந்தா முடிந்துவிட்டது, புதுப்பித்தால் கோப்பைத் திறக்கலாம் என்றது. நான் வரைந்தது, என் பெண்டாட்டிக்காக வரைந்தது, அதைப் பார்க்க யாரிடமோ அனுமதி கேட்டுக் கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி நின்றேன். முன்னறிவிப்பெல்லாம் உன் ஆபீஸ் மின்னஞ்சலுக்குத்தான் வந்திருக்கும், நீ திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய். தெரிந்த கடவுச்சொல்லையெல்லாம் நான் முன்னறையில் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா அந்த மெல்லிய குரலிலேயே கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. தானே எழுந்துகொள்ளலாம் என்று பார்த்திருக்கிறாள்.

இத்தனையும் நடந்த பிறகு உன்னைக் கூப்பிட்டு, மணி கெட்டதையும் சந்தா முடிந்ததையும் மட்டும் சொன்னால் நீ என்ன சொன்னாய்? "கடையில ரெடிமேடா ஒண்ணு வாங்கி மாட்டிருங்கப்பா, இதெல்லாம் உங்களுக்கு ஒரு ஹாபிதானே." கடை மணியை விரலால் அழுத்த வேண்டும் பாப்பா. உன் அம்மாவின் விரல்கள் எப்படி இருக்கின்றன என்பது உனக்கு மறந்துபோயிற்றா? போன தடவை வந்தபோது என் கணினியில் இருந்த பழைய இலவச மென்பொருளைச் சின்னப் பிள்ளைகள் வைத்து விளையாடுவது என்று கிண்டல் செய்து அழித்ததும் நீதான். எங்க ஆபீஸில் எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றாய். உங்கள் ஆபீஸில் ஆயிரம் பாகங்களை வைத்து மின்சுற்றுப் பலகை செய்கிறார்கள், இந்த வீட்டில் மொத்தம் ஒன்பது பாகம். கொசுவை அடிக்கப் பீரங்கி வாங்கிக் கொடுத்துவிட்டுச் சாவியை உன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய்.

மறுநாள் நானே தேடினேன். முதலில் கிடைத்தது உலாவியிலேயே ஓடுவது, மின்சாரம் புள்ளி புள்ளியாக ஓடுவதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, ஆனால் என் கையில் இருந்த டிரான்சிஸ்டர் அதற்குத் தெரியவில்லை. இன்னொன்று இலவசம் என்று உள்ளே கூப்பிட்டுவிட்டு, ஏழாவது பாகத்தை வைத்ததும் காசு கேட்டது. கடைசியில் கிடைத்தது பார்க்கச் சகிக்காது, பழைய ரயில்வே கவுன்டர் மாதிரி ஒரு முகம், ஆனால் பாகத்தின் விவரத்தை நாமே ஊட்டலாம், கோப்பு நம் கணினியிலேயே இருக்கும், இணையமும் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். அதில் கிடைத்த அளவை வைத்துப் பற்றவைத்தேன். பிறகு அம்மாதான் சோதனை அதிகாரி, நான் இன்னும் ஒரு தடவை இன்னும் ஒரு தடவை என்று கேட்கக் கேட்க அலுக்காமல் மிதித்தாள், நான் ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நடுவில், நான்தான் உன் கம்ப்யூட்டர் என்று குழறிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். இனி யாருக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும், பணம் கட்டுவது நின்றுபோனால் அவர்கள் வேலை அவர்கள் கைக்குக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிட்டு வாங்கு. விலையை அப்புறம் பார்க்கலாம். அந்தச் சந்தாவைப் புதுப்பிக்காதே, புதுப்பித்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

இந்த இடம்வரை எழுதியபோது சமையலறையில் மாட்டியிருக்கும் மணி அடித்தது, அம்மா கட்டிலிலிருந்து மிதித்திருக்கிறாள். போனேன். தண்ணீர் வேண்டுமா என்றேன், இல்லை. திரும்பிப் படுக்க வேண்டுமா, அதுவும் இல்லை. மெல்ல மெல்லச் சொன்னாள், "பாப்பாவைத் திட்டாதீங்க." ஏற்கனவே எழுதியாகிவிட்டது, கிழிக்கப் போவதில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியானால் கடைசியில் நல்லா இருக்கச் சொல்லி எழுதுங்க என்றாள்.

நல்லா இரு. நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, என்னிடம் பேச வேண்டாம், போனை அம்மாவின் காதருகே வைக்கிறேன், அவள் ஒரு வாக்கியம் முடிக்க நேரமாகும், முடிக்கும்வரை காத்திரு. மறுபடியும் மணி அடிக்கிறது, போகிறேன்.

கோபம் தீராத,
அப்பா