காளை படுத்துக்கொண்ட களம்

அக்கா,

இன்று சோளம் அடிக்க மெஷின் வந்தது. ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டது. சோளச் சுணையின் அரிப்பு மட்டும் மாறவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டே உங்களை நினைத்தேன். நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது.

அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள் நாம். ஒரு வருஷம் நீங்கள் காயப்போட்ட வடகத்தை என் கோழி கொத்தப்போய் நமக்குள் பேச்சு நின்றது. களமோ பொது. வீட்டுக்காரர்கள் இருவரும் கிழட்டுக் காளைக்கு ஜோடி பார்க்கக் கெங்கவல்லிக்குப் போயிருந்தார்கள். களம் நிறையச் சோளக்கதிர். கிழக்கே மேகம் கறுத்தது. அந்த ஒற்றைக் காளையைக் கல் உருளையில் பூட்டினோம், வாய் திறக்காமல்.

நீங்கள் காளையிடம் சொன்னீர்கள்: “டேய், மழை வருது, வெரசா தள்ளிவுடோணும்னு அவகிட்டச் சொல்லு.”

நானும் அதனிடமே சொன்னேன்: “எனக்கும் கண்ணு இருக்குதுன்னு சொல்லு சாமி.”

நாலு சுற்று இப்படியே போனது. தூது போன அலுப்போ என்னவோ, காளை கதிர்மேலேயே படுத்துக்கொண்டது. வாலை முறுக்கினோம். கண்ணை மூடிக்கொண்டது.

தூறல் விழுந்தது. அந்த வருஷத்துச் சோறு முழுக்கத் தரையில் கிடந்தது. காளையை அவிழ்த்துவிட்டு, சேலையை வரிந்து கட்டி, உருளைக் கயிற்றைத் தோளில் போட்டீர்கள்.

“அம்மிணி, அந்தப் பக்கம் புடி.”

“வாரேங்க்கா.”

நீங்கள் இடப்பக்கம் இழுக்க, நான் வலப்பக்கம் இழுக்க, உருளை நேராகக் காளையை நோக்கிப் போனது. அது அலறியடித்து எழுந்து ஓடியது. நாம் சிரித்த சிரிப்பில் கயிறு கையில் நிற்கவில்லை. ஆனாலும் விடவில்லை. மழை வலுப்பதற்குள் முக்கால்வாசிச் சோளத்தை அள்ளிவிட்டோம்.

ஜோடி கிடைக்காமல் திரும்பிய என் வீட்டுக்காரர் நம் கோலத்தைப் பார்த்தார்.

“அண்ணா, ஊட்டுலயே ஒரு சோடி இருக்குதுங்களே!”

நாம் இருவரும் சேர்ந்து கொடுத்த வசவில், மிச்சச் சோளத்தை அண்ணனும் தம்பியும் நனைந்துகொண்டே அள்ளினார்கள்.

இப்போது மருமகளோடு மனஸ்தாபம் வந்தால், பொழுது சாய்வதற்குள் நானே போய், “உப்பு எங்க வெச்ச கண்ணு?” என்று கேட்டுவிடுகிறேன். உப்பு இருக்கும் இடம் அவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

உங்களோடு நாற்பது நாள் பேசாமல் இருந்துவிட்டேன் அக்கா. அந்த நாற்பது நாள் பேச்சு இன்னும் என்னிடமே கிடக்கிறது.